கைதியைக் காக்க ஒரு துப்பாக்கி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 20 ஆண்டுகள் ஓடி, 635 அத்தியாயங்களைக் கண்ட 'கன்ஸ்மோக்' என்ற வெஸ்டர்ன் தொடரின் கடைசிப் புதிய அத்தியாயம் 1975 மார்ச் 31 அன்று ஒளிபரப்பானது. நாலரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்தார்கள். ஷெரீப்பும் மார்ஷலும் சின்னத்திரையை ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டில் அவர்களைப் பார்க்கப் பெட்டியே இல்லை. பெட்டி வந்தபோது அவர்கள் ஓய்வுபெற்றிருந்தார்கள்.

ஆனாலும் வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று வரிசையாகப் படமெடுத்தார். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் மிச்ச வேலையைச் செய்தன. இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லர் என்ற டெக்சாஸ் ரேஞ்சர், தமிழ் வாசகர்களுக்கு 'இரவுக் கழுகார்' ஆனார். கூட வரும் கிட் கார்சன் 'வெள்ளிமுடியார்' ஆனார். சிக் பில் கதைகளில் வந்த ஷெரீப் டாக்புல்லும் அவருடைய துணை ஆள் கிட் ஆர்டினும் சட்டத்தின் காவலர்களை வைத்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது, அந்தத் தொப்பியும் பூட்ஸும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய பொருளாக இல்லை.

தொப்பி வந்தது. குதிரை வந்தது. இடுப்பில் தாழத் தொங்கும் துப்பாக்கியும் வந்தது. வராமல் போனது ஒன்றே ஒன்று: ஜெயில்.

'லாமேன்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். வார்னர் பிரதர்ஸ் தயாரித்து ஏபிசி தொலைக்காட்சியில் 1958 முதல் 1962 வரை ஓடியது. கறுப்பு வெள்ளை, தலைக்கு அரை மணி நேரம், மொத்தம் 156 அத்தியாயங்கள். வயோமிங்கின் லாரமி என்ற ஊரில் மார்ஷல் டான் ட்ரூப்பும் அவருடைய இளம் உதவியாளர் ஜானி மெக்கேயும் ஒழுங்கைக் காப்பதுதான் கதை. மூத்தவராக ஜான் ரஸ்ஸல், இளையவராக பீட்டர் பிரவுன். பெரியவர் அதிகம் பேச மாட்டார், சிரிக்கவே மாட்டார். அவருடைய அலுவலகம் ஒரே அறை: ஒரு மேசை, சுவரில் மாட்டிய துப்பாக்கிகள், பின்னால் கம்பி போட்ட லாக்கப். நம்மூர்ப் பழைய ஸ்டேஷன் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இந்த மாதிரித் தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் லாக்கப்பில் இருக்கிறான். செத்தவர் ஊரில் எல்லோருக்கும் வேண்டியவர். பொழுது சாய்கிறது, சாராயக் கடையில் சூடு ஏறுகிறது, கையில் கயிற்றோடு கூட்டம் கிளம்புகிறது. உள்ளே இருப்பவன்தான் கொலைகாரன் என்று மார்ஷலுக்கே தோன்றலாம். செத்தவர் அவருடைய நண்பராகவும் இருக்கலாம். ஆனாலும் அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். துப்பாக்கி நீட்டப்படுவது கைதியை நோக்கி இல்லை, கூட்டத்தை நோக்கி. நீதிபதி வரும்வரை இவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான் அவர் சொல்லும் ஒரே வசனம்.

இந்தக் காட்சியை மட்டும் இழுத்து முழுநீளப் படமாக்கினால் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ரியோ பிராவோ' (1959). ஊரையே கையில் வைத்திருக்கும் பண்ணைக்காரரின் தம்பியைக் கொலை வழக்கில் பிடித்து உள்ளே வைத்துவிடுகிறார் ஷெரீப் ஜான் வெய்ன். அவருக்குத் துணை ஒரு குடிகாரர், கால் ஊனமான ஒரு கிழவர், மீசை முளைக்காத ஒரு பையன். மார்ஷல் வந்து கைதியைப் பொறுப்பெடுக்கும்வரை ஜெயிலைக் காப்பாற்றியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தின் மையம் அவ்வளவுதான்.

இது தொலைக்காட்சிக்காரர்கள் பூசிய மெருகு என்று தள்ளிவிட முடியாது. நிஜ வரலாற்றிலும் இதன் வேர் இருக்கிறது. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டை உலகப் புகழ் பெற்றது. சுமார் 30 வினாடி, 3 பேர் சாவு. அந்த ஊருக்குள் ஆயுதம் ஏந்தி நடமாடக் கூடாது என்று நகரச் சட்டம் இருந்தது, அதை அமல்படுத்தப் போன இடத்தில்தான் சண்டை மூண்டது. அதைவிட முக்கியமானது சண்டைக்குப் பிறகு நடந்தது. சுட்ட வயட் ஏர்ப்பும் டாக் ஹாலிடேயும் கொலைக் குற்றச்சாட்டில் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் முன் நிறுத்தப்பட்டார்கள். சாட்சி விசாரணை சுமார் ஒரு மாதம் நடந்து, நவம்பர் கடைசியில்தான் விடுவிக்கப்பட்டார்கள். படங்களில் கதாநாயகனான அந்த மனிதர் நிஜத்தில் தன் தோட்டாவுக்கு நீதிமன்றத்தில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பாஸ் ரீவ்ஸின் கதை இன்னும் சுவையானது. 1838-இல் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர் அவர். 1875-இல் துணை மார்ஷலாகி 32 ஆண்டுகள் பணியாற்றி, 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தார். படிக்கத் தெரியாது. பிடியாணையை யாரையாவது வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவார். அன்றைய துணை மார்ஷல்களுக்குக் கூலி, கைதியைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் சேர்ப்பதற்குத்தான். வழியில் சுட்டுக் கொன்றால் கூலி போய்விடும். உயிரோடு பிடிப்பதில் அவர்களுக்கு அறத்தோடு வரும்படியும் சேர்ந்திருந்தது.

1902-இல் ரீவ்ஸின் மகனே தன் மனைவியைக் கொன்றுவிட்டான். பிடியாணையை யாரிடம் கொடுப்பது என்று மற்றவர்கள் தயங்கியபோது தகப்பனே வாங்கிக்கொண்டு போய், மகனைப் பிடித்து வந்து ஒப்படைத்தார். மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதைப் படிக்கும் தமிழருக்கு 'தங்கப்பதக்கம்' (1974) நினைவுக்கு வராமல் இருக்காது. சிவாஜியின் எஸ்.பி. சௌத்ரியும் மகனைவிடக் கடமையே பெரிதென்று நினைத்தவர்தான். ஆனால் அவர் மகனைத் தன் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார், அரங்கம் கண்ணீரோடு கைதட்டுகிறது. இரண்டு தகப்பன்களும் சட்டத்தின் பக்கம் நின்றவர்கள். ஒருவர் மகனை நீதிபதியிடம் விட்டார், இன்னொருவர் தாமே நீதிபதியானார்.

அதற்குப் பிறகு தமிழ் சினிமாவின் போலீஸ்காரர் அந்த இரண்டாவது பாதையில்தான் நடந்தார். 'மூன்று முகம்' (1982), 'வால்டர் வெற்றிவேல்' (1993), 'சாமி' (2003), 'காக்க காக்க' (2003), 'சிங்கம்' (2010) என்று வரும் வரிசையில் வசனமும் வேகமும் மாறின, நீதிமன்றத்தைக் கேலி செய்யும் பழக்கம் மாறவில்லை. வில்லனைக் கோர்ட்டில் நிறுத்தினால் ஜாமீனில் வந்துவிடுவான், ஆகவே கதாநாயகன் க்ளைமாக்ஸில் முடித்துவைக்கிறார். லாக்கப் என்பது உள்ளே இருப்பவனைப் பாதுகாக்கும் இடம் என்ற எண்ணம் திரையில் தலைகாட்டவே இல்லை. அடிக்கும் இடமாகத்தான் தெரிந்தது.

திரையில் தட்டிய கை தெருவிலும் தட்டியது. பிடிபட்டவர்கள் 'கழிவறையில் வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் சிரிப்புக் குறிகளோடு சுற்றியது எல்லோரும் பார்த்ததுதான். காவல் நிலையக் கழிவறைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் போலீசார் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அது மோதல் இல்லை, வேண்டுமென்றே சுட்டது என்று 2022-இல் அறிக்கை கொடுத்தது. அந்த 4 பேரும் குற்றவாளிகள்தானா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது.

இந்த விவாதத்தில் பள்ளிகொண்டாவுக்குத் தனி இடம் உண்டு. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், பள்ளிகொண்ட நிலையில் உத்திர ரங்கநாதர் இருக்கும் ஊர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சுங்கச்சாவடியால் தெரிந்த ஊர். சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுவது தோல் தொழிலும் ஷூ கம்பெனிகளும்.

2015 ஜூனில், ஒரு பெண் காணாமல் போன புகார் தொடர்பாக 26 வயது ஆம்பூர் இளைஞர் ஒருவரைப் பள்ளிகொண்டா போலீசார் விசாரித்தார்கள். அதன்பின் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், ஜூன் 26 அன்று சென்னையில் இறந்தார். விசாரணையில் அடித்ததுதான் காரணம் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. மறுநாள் இரவு ஆம்பூரில் கூட்டம் திரண்டது. நெடுஞ்சாலை மணிக்கணக்கில் முடங்கியது, வாகனங்கள் எரிந்தன, பெண் காவலர்கள் உட்படப் பல போலீசார் காயமடைந்தார்கள். 10 ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், கலவர வழக்கில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 22 பேர் குற்றவாளிகள், 161 பேர் விடுதலை.

அந்த இரண்டு நாளில் கெட்டதைக் கணக்கெடுத்தால் பழைய வெஸ்டர்ன் தொடர்கள் சொன்னது புரியும். விசாரணைக்குப் போனவர் பத்திரமாக வெளியே வருவார் என்ற நம்பிக்கை முதலில் போனது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் கூடவே போனதால் கூட்டம் தெருவுக்கு வந்தது. கல்லடி பட்டவர்களோ அந்த விசாரணையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட சாதாரணக் காவலர்கள். கைதியின் உடம்புக்குக் கொடுக்கும் பாதுகாப்பு காக்கிச் சட்டைக்கும் பாதுகாப்புதான் என்பதற்கு வடமாவட்டங்களில் இதைவிடக் கண்கூடான சாட்சி தேவையில்லை.

கூட்டம் எப்போதும் நியாயத்தின் பேரில்தான் கூடும். தப்பு செய்யும்போதும் அப்படித்தான். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய ஊர் சூழ்ந்துகொண்டது. ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அவருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் நிற்க அந்த நேரத்தில் ஒரு டான் ட்ரூப் இல்லை.

தமிழ்நாட்டில் அப்படி ஒருவரைத் தேடினால் கிடைப்பவர் ஒரு பெண். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கோவில்பட்டி நடுவர் அந்த ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். சுற்றிலும் சக போலீசார் இருக்க, இரவு முழுக்க அடித்தார்கள் என்றும் லத்திகளில் ரத்தக்கறை இருந்தது என்றும் வாக்குமூலம் கொடுத்தவர் தலைமைக் காவலர் ரேவதி. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததையும் நடுவரின் அறிக்கை சொன்னது. கையில் துப்பாக்கி இல்லை, எதிரே நின்றவர்கள் கூடவே வேலை பார்ப்பவர்கள். ஜான் வெய்னுக்கு வாய்த்த குடிகாரத் துணைகூட ரேவதிக்கு வாய்க்கவில்லை.

அந்த மாதமே 'சாமி', 'சிங்கம்' படங்களை இயக்கிய ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி 5 படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொன்னார். வசூலைக் குவித்த ஓர் இயக்குநர் தன் வெற்றியையே இப்படித் திரும்பிப் பார்ப்பது தமிழ் சினிமாவில் அபூர்வம். அதற்குரிய விவாதம் நடக்காமலே அடுத்த போலீஸ் படங்கள் வந்துவிட்டன.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. முதலாவது: அமெரிக்க வெஸ்டர்ன் தானே பெரும் பொய். யாருடைய நிலத்தில் அந்த ஊர்கள் எழுந்தன என்பதை அது சொல்லவில்லை. பூர்வகுடிகளைப் பெரும்பாலும் அம்பு விடும் கூட்டமாகவே காட்டியது. நவஹோ மக்களின் தலைவராகவும் இருக்கும் டெக்ஸ் வில்லர் மாதிரியானவர்கள் விதிவிலக்கு. கயிற்றோடு வந்த கூட்டங்கள் நிஜ அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டன, பல ஊர்களில் ஷெரீப்புகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சமூகம் தன் நாயகனிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைக் கதைகள் காட்டிவிடும். அந்தத் தொடர்கள் வாசலில் நிற்கும் மார்ஷலை நாயகனாக்கின, ஒதுங்கி நின்றவரைக் கோழையாக்கின. நம் படங்களோ கயிற்றைப் பிடித்திருப்பவருக்கே காக்கி மாட்டி நாயகனாக்கின.

இரண்டாவது வாதம் கனமானது. லாரமியில் நீதிபதி அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுவார். இங்கே? ஆம்பூர் வழக்குக்கு 10 ஆண்டு. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து பழங்குடிப் பெண்கள் மேல் நடத்திய கொடுமைக்கு 2011-இல்தான் தீர்ப்பு, 2023-இல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்தியச் சிறைகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இந்த லட்சணத்தில் கோர்ட்டை நம்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வாச்சாத்தியைப் பார்க்கட்டும். அங்கே குற்றம் செய்தவர்கள் சீருடைக்காரர்கள். 19 ஆண்டு ஆனாலும் அவர்களைக் கூண்டில் ஏற்றியது நீதிமன்றம்தான். உயிரோடு இருந்த குற்றவாளிகள் 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. சுட்டுத்தள்ளும் நீதியில் அந்தப் பழங்குடிப் பெண்களுக்கு எந்த வழியும் இருந்திருக்காது. தாமதத்துக்கு மருந்து கூடுதல் நீதிபதிகளும், காலியிடம் நிரப்பிய ஸ்டேஷன்களும், ஒழுங்கான புலனாய்வும்.

சட்டப் புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. கைதின்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது. 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொன்னது. அத்தனைக்கும் பிறகுதான் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி, நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது இறந்தார். சட்டம் எழுதியதைச் செய்து காட்டும் ஆளை ஊர் மதிக்க வேண்டும். அந்த மதிப்பை உண்டாக்குவதில் கதைகளுக்குப் பங்கு இருக்கிறது.

நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை', கம்பிக்கு உள்ளே இருப்பவன் கண்ணால் ஸ்டேஷனைக் காட்டியது. பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' (2021), பொய் வழக்கில் சிக்கிய மாணவனுக்குக் காவலாக உட்காரவைக்கப்படும் ஒரு ஸ்டேஷன் எழுத்தரை நாயகனாக்கியது. விக்ரம் பிரபு நடித்த 'சிறை' (2025), விசாரணைக் கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் எஸ்கார்ட் காவலரின் கதை. குதிரையும் தொப்பியும் இல்லாத இந்தப் படங்கள்தான் பழைய வெஸ்டர்னுக்கு மெய்யான வாரிசுகள்.

இவை இன்னும் பெருக வேண்டும். பெரிய திரையைவிடச் சின்னத்திரைக்கு இது பொருந்தும், ஏனென்றால் 'கன்ஸ்மோக்' போல வாராவாரம் ஒரே ஸ்டேஷன், ஒரே ஊர், வேறு வேறு வழக்கு என்று போகலாம். பாலாற்றங்கரையில் அப்படி ஓர் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோல் கழிவு பற்றிய தகராறு, மணல் வண்டி, கந்துவட்டி, ஷூ கம்பெனிப் பெண்களின் பஸ்ஸைத் தொடர்ந்து வரும் பைக், நெடுஞ்சாலை விபத்து, காதல் புகார் என்று ஓர் ஏட்டு தினமும் சந்திக்கும் விவகாரங்களே பல ஆண்டுகளுக்கு வரும். வேலூர்க் கோட்டைக்குள்ளேயே காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, மத்திய சிறை பக்கத்திலேயே இருக்கிறது, சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கழகமும் அதே ஊரில்தான். எழுத்தாளர்கள் போய்க் கேட்டால் கதை சொல்ல ஆள் உண்டு.

பயிற்சி மையங்களிலும் 'ரியோ பிராவோ'வை ஒருமுறை போட்டுக் காட்டலாம். ரேவதியின் வாக்குமூலத்தைப் பாடமாகவே வைக்கலாம். ரசிகர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போலீஸ் படம் வரும்போது, பிடிபட்டவன் கோர்ட் வாசலை மிதித்தானா என்று பார்த்துவிட்டு விசில் அடிக்கட்டும்.